"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. லாரி வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள், பட்டறை நடத்துபவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். மற்றவர்கள் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரியோடு சம்பந்தம் இல்லாத வீடு எத்தனை இருக்கிறது?

இன்றைக்கு நான் ஒரு வாக்கியத்தோடு சண்டை போடப் போகிறேன். "பழைய வண்டிங்க டீச்சர், ஆக்சிலேட்டர் டைட்டாத்தான் இருக்கும். ஓட்ட ஓட்டக் காலுக்குப் பழகிரும்."

கடந்த சில மாதங்களில் இதை நான்கு பேர் வாயால் கேட்டுவிட்டேன். நான்கு பேரில் மூன்று பேர் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். அதனால்தான் கோபம் கொஞ்சம் அதிகமாக வருகிறது.

"டீச்சருக்கு லாரியைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கப்பா லாரி ஓட்டியவர். என் தம்பி 30 வருடத்துக்கு மேல் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான்; இன்ஜினியரிங் இல்லை. ஆனால் நெம்புகோல், உராய்வு, சுருள்வில் இந்த மூன்றையும் எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆக்சிலேட்டர் என்பது அந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 லாரிகளைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றில் பெடலுக்கு அடியில் சென்சார் இருக்கிறது. பெடலில் இருந்து ஒயர் வழியாகத் தகவல்தான் போகிறது. நான் பேசுவது பெடலில் இருந்து டீசல் பம்ப் வரை கேபிளோ இரும்பு ராடோ நேராக ஓடுகிற பழைய வண்டிகளைப் பற்றி.

முதலில் என் வாதம். "பழையது" என்பது ஒரு காரணம் கிடையாது. பழையது என்பது வயது. வயது எதையும் டைட்டாக்காது. துரு டைட்டாக்கும். காய்ந்துபோன கிரீஸ் டைட்டாக்கும். மடங்கிய கேபிள் டைட்டாக்கும். பின்னில் அடைத்த சேறு டைட்டாக்கும். இவை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், சரி செய்யலாம். "பழையது" என்று சொன்ன நிமிஷத்தில் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அந்த வார்த்தையால் நமக்குக் கிடைக்கும் ஒரே லாபம் அதுதான்.

வகுப்பறையிலும் இதே கதைதான் நடக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத பிள்ளையை "மக்கு" என்பார்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்தால் எழுதுவான். கண்ணாடி போட்டால் பின் பெஞ்சில் இருந்தும் எழுதுவான். "மக்கு" என்பது அவனுடைய குறையின் பெயரே இல்லை, பார்க்காமல் விட்டவர்களின் சோம்பலுக்கு வைத்த பெயர். என் மாணவர்கள் லாரிக்கு இப்படி ஒரு பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சரி, டைட்டாக இருந்தால் என்ன? நாலு நாள் கால் வலிக்கும், அவ்வளவுதானே? இங்கேதான் பலருக்கு விஷயம் புரியவில்லை.

மாட்டுக் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை விரலால் பிடித்தாலே போதும். மாடு எவ்வளவு இழுத்தாலும் கயிறு நகராது. பிடிப்பது உங்கள் விரலா? இல்லை, மரத்தோடு கயிறு உரசுகிற உராய்வு. இதற்கு ஆய்லர் என்கிற கணித மேதை பெயரில் ஒரு சூத்திரமே இருக்கிறது. அதன் சாரம்: வளைவு கூடக் கூட, உராய்வு கூடக் கூட, இழுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும்.

லாரியின் ஆக்சிலேட்டர் கேபிளும் இதே கயிறுதான். உறைக்குள் ஓடும் கம்பி ஒவ்வொரு வளைவிலும் உறையின் சுவரில் உரசுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். பம்ப் லீவரில் உள்ள ரிட்டர்ன் ஸ்பிரிங் 3 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் வளைவுகளை எல்லாம் கூட்டினால் 180 டிகிரி, அதாவது இரண்டு செங்கோணம்.

நல்ல கேபிள், உராய்வுக் குணகம் 0.1 என்றால், பெடல் பக்கம் இழுக்க 4 கிலோவுக்குச் சற்று அதிகமாக வேண்டும்.

அதே கேபிள் காய்ந்து துருப்பிடித்துக் குணகம் 0.4 ஆகிவிட்டால், பத்தரைக் கிலோ வேண்டும்.

ஸ்பிரிங் மாறவில்லை. பம்ப் மாறவில்லை. இன்ஜின் மாறவில்லை. நாலு கிலோ பத்தரை ஆகிவிட்டது. (பெடலே ஒரு நெம்புகோல் என்பதால் காலுக்கு வரும் எடை வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் எத்தனை மடங்கு ஏறியது என்பது மாறாது.)

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். காலை எடுத்ததும் பெடலை மேலே கொண்டுவர வேண்டியது அந்த 3 கிலோ ஸ்பிரிங். அதுவும் அதே துருப்பிடித்த வளைவுகளைக் கடந்துதான் வர வேண்டும். நல்ல கேபிளில் பெடல் பக்கம் 2 கிலோவுக்கு மேல் வந்து சேரும். கெட்டுப்போன கேபிளில் வந்து சேருவது ஒரு கிலோகூட இல்லை, முக்கால் கிலோ சொச்சம்.

இதுதான் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய பாடம். அழுத்தும்போது டைட்டாக இருக்கிற பெடல், விடும்போது மேலே வர மறுக்கிற பெடலும்கூட. இரண்டும் ஒரே வியாதி. இன்றைக்குக் கால் வலி. நாளைக்குக் காலை எடுத்த பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அசையாமல் இருக்கும் பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைந்த பிறகு தள்ளத் தேவையான விசையைவிட அதிகம். பீரோவை நகர்த்தியவர்களுக்குத் தெரியும்: நகராது, நகராது, திடீரென்று ஓர் அடி ஓடிவிடும். டைட்டான பெடலும் அப்படித்தான். ஓட்டுநர் மெல்ல மிதிக்கிறார், அசையவில்லை. கொஞ்சம் அழுத்துகிறார், அசையவில்லை. இன்னும் அழுத்துகிறார், சட்டென்று உள்ளே போய்விடுகிறது. வண்டி குதிக்கிறது. நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் கிளீனர் நின்று "வா வா" என்று கை காட்டிக்கொண்டிருக்கிறாரே, அவருக்குத் தெரியும்.

இப்போது என் கோபத்துக்கான காரணத்துக்கு வருகிறேன்.

என் மாணவர்கள் இரண்டு பேர். ஒரே வகுப்பு. ஒருவன் இன்று இரண்டு லாரிக்கு உரிமையாளன். இன்னொருவன் அவனுடைய லாரியில் ஒன்றை ஓட்டினான். இருவருக்கும் ஐம்பது வயது நெருங்குகிறது. இருந்தாலும் "அவன்" என்றுதான் எழுதுகிறேன். ஆசிரியைக்கு அந்த உரிமை உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. உரிமையாளனிடம் போனில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஓட்டுநர் பல தடவை சொல்லியிருக்கிறான், "ஆக்சிலேட்டர் ரொம்ப டைட்டுங்க, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது" என்று. பதில், மேலே நான் சொன்ன அதே வாக்கியம். ஒருநாள் குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது பெடல் உள்ளே போனது மேலே வரவில்லை. வண்டி சுவரில் மோதியது. பின்னால் நின்றிருந்த லோடுமேன் அப்போதுதான் தண்ணீர் குடிக்கத் தள்ளிப் போயிருந்தார். ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

"காலு கனம், கவனம் பத்தல" என்று ஓட்டுநரை நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் சரி செய்த செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த லாரி வெல்டிங் வேலைக்கு என் தம்பி பட்டறைக்குத்தான் வந்தது. தம்பி வண்டியை நகர்த்த ஏறியவன் பெடலை ஒரு தடவை மிதித்துவிட்டு இறங்கிப் போய் அடியில் பார்த்தான். எப்போதோ இன்ஜின் வேலை பார்த்தபோது கேபிளைப் பழைய வழியில் மாட்டாமல் சைலன்சர் பைப்பை ஒட்டிக் கொண்டுபோய்க் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் உறை உருகி நசுங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. போதாததற்குப் பெடல் மேலே வரவில்லை என்று யாரோ இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங் மாட்டியிருக்கிறார்கள். புதுக் கேபிள், சரியான வழி, இரண்டு கிளாம்ப். அரை நாள் வேலை. பெடல் இப்போது கட்டைவிரலால் அழுத்தினால் இறங்குகிறது.

இப்போது சொல்லுங்கள், கனம் ஓட்டுநரின் காலிலா இருந்தது?

அந்த இரண்டாவது ஸ்பிரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் நடக்கும் "வைத்தியம்" இதுதான். மேலே போட்ட கணக்கையே எடுங்கள். துருப்பிடித்த கேபிளில் இன்னொரு 3 கிலோ ஸ்பிரிங் சேர்த்தால், ஓட்டுநரின் பக்கம் பத்தரைக் கிலோ கூடுகிறது. மொத்தம் 21 கிலோ. பெடல் மேலே வருவதற்கு அதனால் கிடைக்கும் கூடுதல் உதவி முக்கால் கிலோ சொச்சம். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற வைத்தியம் இது. வியாதி உள்ளேயே இருக்கிறது, தண்டனை ஓட்டுநருக்கு. சில வண்டிகளில் கம்பெனியே பாதுகாப்புக்கு இரண்டு ஸ்பிரிங் கொடுத்திருக்கும். அதைக் கழற்றச் சொல்லவில்லை. கெட்ட கேபிளை மறைக்க மாட்டுகிற ஸ்பிரிங்கைத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்குகள் என்மேல் கோபப்படாதீர்கள். இதில் உங்கள் தப்பு பாதிதான். மீதிப் பாதி, காசு கொடுக்கிறவர்களுடையது. ஒரு மணி நேரம் தேடி, கேபிள் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு கிளாம்பைத் தள்ளி மாட்டிச் சரி செய்பவனிடம் "ஒரு கிளாம்புக்கு இவ்வளவு கூலியா?" என்று கேட்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு நாலு உதிரிப்பாகத்தை மாற்றுகிறவனுக்கு வாய் திறக்காமல் கொடுக்கிறோம். பார்ப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் யாராவது பார்ப்பார்களா? டாக்டருக்கு மாத்திரை விலை மட்டுமா கொடுக்கிறோம்? பார்த்ததற்கும் சேர்த்துத்தானே.

தேடுவது எப்படி என்று தம்பியிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஓட்டுநர்களே இதைச் செய்து பார்க்கலாம். சரி செய்ய வேண்டியதில்லை, வியாதி எங்கே என்று கண்டுபிடித்தால் போதும். இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. ஆரம்பிக்கலாம்.

1. முதலில் மேட்டை எடுங்கள். பெடலுக்கு அடியில் சேறு, ஜல்லி, பாட்டில் மூடி ஏதாவது இருக்கிறதா? வெளியில் கேபின் கட்டிய வண்டி என்றால் தளப் பலகை பெடலில் உரசுகிறதா? சிரிக்காதீர்கள், பல வண்டிக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும்.

2. பம்ப் பக்கம் போய் லீவரில் இருந்து கேபிளைக் கழற்றுங்கள். லீவரை மட்டும் கையால் தள்ளிவிடுங்கள். ஒரே சீராகப் போய், விட்டதும் "டக்" என்று திரும்புகிறதா? திரும்பினால் பம்ப் நிரபராதி. அங்கேயே இறுக்கம் என்றால் லீவர் ஷாஃப்ட் பிடித்திருக்கிறது. அது டீசல் பம்ப் சர்வீஸ்காரர் வேலை. சுத்தியலால் தட்டாதீர்கள். சீல் வைத்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அதுதான் இன்ஜினின் அதிகபட்ச வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது.

3. கேபிள் கழன்ற நிலையிலேயே கேபினில் பெடலை அழுத்துங்கள். இப்போதும் இறுக்கம் என்றால் வியாதி பெடலிலோ கேபிளிலோதான்.

4. பெடல் பக்கமும் கேபிளைக் கழற்றுங்கள். பெடல் மட்டும் ஆடுகிறதா? ஆடாவிட்டால் அதன் பின்னும் புஷ்ஷும் துருப்பிடித்திருக்கின்றன. கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்திருந்தால் மாற்றி, கிரீஸ் வைத்தால் முடிந்தது.

5. பெடலும் நிரபராதி, பம்பும் நிரபராதி என்றால் மிச்சம் இருப்பது கேபிள். ராடு வண்டி என்றால் நடுவில் உள்ள ஜாயின்ட்டுகளும் புஷ்களும்.

மூன்று பொருளை இரண்டு இடத்தில் பிரித்தால் குற்றவாளி தனியாக நிற்பான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

கேபிளின் இரண்டு நுனியையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை அறுந்து குத்தினாலும் அன்றைக்கே மாற்ற வேண்டும். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். அறுந்த இழை உறைக்குள் சுருண்டு பிடித்துக்கொண்டால் அழுத்திய பெடல் அழுத்தியபடியே நிற்கும். ஆயில் விடுவது அதற்கு வைத்தியம் கிடையாது.

ஆயில் என்றதும் இன்னொன்று. கம்பி நேராக இரும்பு உறையில் ஓடும் பழைய கேபிளை ஒரு நுனி மேலே இருக்கும்படி தொங்கவிட்டு மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக இறக்கலாம். உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்த கேபிளில் கெட்டிக் கிரீஸை அடைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுதியும் கிரீஸும் சேர்ந்தால் உரைகல்லில் அரைத்த மாதிரி ஆகிவிடும். அது கெட்டுவிட்டால் மாற்றுவதுதான் வழி.

கேபிளை மாற்றிவிட்டு அத்தோடு விட்டுவிடாதீர்கள். பழைய கேபிள் ஏன் செத்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான் "புதுசு போட்டும் திரும்ப டைட்டாயிருச்சு" என்று சொல்பவர்கள். மேடு ஏறிச் சூடான பிறகுதான் இறுக்கம் என்றால் சைலன்சர் சூடு. காலையில் மட்டும், மழைக்குப் பிறகு மட்டும் என்றால் உறைக்குள் தண்ணீரும் துருவும். லோடு இழுக்கும்போது மட்டும் என்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். அது செத்திருந்தால் இன்ஜின் சாய்ந்து கேபிளையும் சேர்த்து இழுக்கும். எந்த நேரத்தில் டைட்டாகிறது என்பதை ஓட்டுநர் மட்டும்தான் அறிவார். அதனால்தான் அவர் சொல்வதைக் கேளுங்கள் என்று இவ்வளவு தூரம் மன்றாடுகிறேன்.

ஓட்டும்போது பெடல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். கிளட்சை மிதியுங்கள், நியூட்ரலுக்கு வாருங்கள். இன்ஜின் அலறும். அலறட்டும். டீசல் பம்பில் கவர்னர் இருக்கிறது, ஓர் அளவுக்கு மேல் ஏற விடாது. பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஏர் பிரேக் வண்டியில் விட்டு விட்டு மிதித்தால் காற்று தீர்ந்துபோகும். நின்ற பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். பழைய வண்டிகளில் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. நிறுத்துவதற்கென்று தனியாக இழுப்பு நாப் இருக்கும். அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே இழுத்துப் பாருங்கள். ஓடும்போது குனிந்து கையால் பெடலைத் தூக்கப் போகாதீர்கள்.

"இவ்வளவு தொல்லை எதுக்குங்க டீச்சர், வித்துட்டுப் புது வண்டி வாங்கலாமே" என்று வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா மகன் கேட்டான். கண்ணு, வாங்கலாம். கடனை யார் கட்டுவது? ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கும் அப்பன் நம் சொந்தத்திலேயே இருக்கிறார். டாட்டா 407 சந்தைக்கு வந்தது 1986இல். அந்த மாடலின் பழைய வண்டிகள் இன்றும் நம் ஊரில் காய்கறி இறக்குகின்றன. பழைய வண்டி ஓட்டுவது குற்றமில்லை. பார்க்காமல் ஓட்டுவதுதான் குற்றம்.

குற்றம் என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190 படித்துப் பாருங்கள். ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் சொல்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் அதில் வருகிறார்கள். "எஃப்.சி. வாங்கியாச்சே" என்று சொல்லாதீர்கள். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. வருடத்துக்கு ஒரு தடவை. பெடல் தினமும் ஆயிரம் தடவை இறங்கி ஏற வேண்டும்.

"அந்தக் காலத்துல நாங்க ஓட்டாத வண்டியா?" என்று கேட்கும் மூத்த ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. மாமா, சித்தப்பா, நீங்கள் ஓட்டினீர்கள். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். நீங்கள் தாங்கிய வலியை அடுத்தவனும் தாங்க வேண்டும் என்பது வீரமா? 2025 வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. 8 மணியோடு நிறுத்துகிற லாரி எத்தனை என்று உங்களுக்குத்தான் தெரியும். அத்தனை மணி நேரமும் வலது காலால் இத்தனை கிலோவை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது பழக்கம் ஆகாது. வலி மரத்துப் போகும். பழகுவது வேறு, மரத்துப் போவது வேறு.

கடைசியாக மூன்று தரப்புக்கும் சொல்கிறேன்.

ஓட்டுநர்களுக்கு: "டைட்டா இருக்குங்க" என்று வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதி போட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். எப்போது, எந்த இடத்தில், சூடான பிறகா, லோடோடா என்று எழுதுங்கள். எழுதிய புகாருக்கு மதிப்பு அதிகம். இதற்காகத்தானே உங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தேன்?

மெக்கானிக்குகளுக்கு: இன்னொரு ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுக்காதீர்கள். பார்த்த கூலியைத் தைரியமாகக் கேளுங்கள்.

உரிமையாளர்களுக்கு: மாதம் ஒரு தடவை உங்கள் லாரியில் நீங்களே ஏறி, இன்ஜின் ஆஃபில் பெடலை முழுக்க அழுத்திச் சட்டென்று காலை எடுங்கள். ஒரு நொடியில் மேலே வந்து தட்ட வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் அந்த வண்டி அன்று லோடு ஏற்றக் கூடாது. அரை நாள் வாடகை போகும், போகட்டும்.

அப்புறம், நான் பெயர் சொல்லாத அந்த உரிமையாளனே, உனக்கு மட்டும் தனியாக ஒன்று. கேபிள் மாற்றிவிட்டாய், நல்லது. பிடித்த சம்பளத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கொடு. வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் விருப்பம். ஆனால் "காலு கனம்" என்று நாலு பேர் முன்னால் சொன்னாயே, அந்த நாலு பேர் முன்னாலேயே "கேபிள்தான் பழுது" என்றும் சொல்லிவிடு. அவன் வேறு லாரிக்கு வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் உன் வார்த்தை அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது.

லாரி சம்பந்தப்பட்ட எல்லோரும் இந்த ஞாயிற்றுக்கிழமை பெடல் சோதனையைச் செய்துவிட்டு என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் எழுதவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்